ஏரிக்கரைப் பஞ்சர் கடையும் உலகப் பல்லுயிர் மாநாடும்

உலகின் பல்லுயிர்களை அரசுகள் மட்டுமே காப்பாற்றிவிட முடியாது என்ற பேருண்மையை, பல நாட்டு அறிஞர்கள் பல ஆண்டுகள் பல ஓட்டல்களில் தங்கிக் கண்டுபிடித்தார்கள். மனித குலம் அவர்களுக்கு என்றென்றும் கடமைப்பட்டிருக்கிறது. அந்தப் பேருண்மை முடிவில் வந்து சேர்ந்த இடம், ஏரிக்கரைச் சாலையில் இருந்த ஒரு பஞ்சர் கடை.

கடையை நடத்தியவரை எல்லோரும் பஞ்சர் அக்கா என்றே அழைத்தார்கள். கட்டட இடிபாடுகளை லாரிகள் அந்த ஏரியில்தான் கொட்டும். ஒருநாள் அக்காவின் கண்ணெதிரே ஒரு லோடு, முக்குளிப்பான் பறவையின் கூட்டைக் குஞ்சுகளோடு மூடியது. அன்று அவருக்குச் சோறு இறங்கவில்லை. மறுநாளிலிருந்து அந்த லாரிகளுக்குப் பஞ்சர் ஒட்டுவதில்லை, காற்றடிப்பதில்லை என்று முடிவெடுத்தார். சாலையெங்கும் அந்த லாரிகளே சிந்திய ஆணிகள். இருபது கிலோமீட்டருக்கு வேறு கடையும் கிடையாது.

"ஏரியில கொட்டினேல்ல? ஏரிகிட்டயே போய் காத்து வாங்கிக்கோ" என்பார்.

நான்கே மாதத்தில் லாரிகள் அந்தப் பக்கம் தலைகாட்டுவதை நிறுத்தின.

இச்சாதனையை மோப்பம் பிடித்து வந்தார் உலகப் பல்லுயிர் மாநாட்டின் ஒருங்கிணைப்பாளர்.

"அக்கா, நீங்க ஒரு அரசு சாரா உள்ளூர்ப் பங்காளர்!"

"பங்காளியா? சொத்துத் தகராறெல்லாம் எனக்கு வேணாம் தம்பி."

"பங்காளி இல்லக்கா, பங்காளர். உங்களைப் பத்தி ஒரு தீர்மானமே வருது. அது நிறைவேறினா லாரி எந்த ஏரிக்கும் போகாது."

அந்தக் கடைசி வாக்கியத்துக்காகவே அக்கா கிளம்பினார். கடையைக் கணவரிடம் ஒப்படைத்தார். யாருக்கும் இல்லை என்று சொல்லத் தெரியாத மனுஷன் அவர்.

மாநாட்டு அரங்கில் அக்காவுக்கு மிக உயர்ந்த மரியாதை கிடைத்தது. கழுத்தில் 'பார்வையாளர்' அட்டை. கடைசி வரிசையில் நாற்காலி. முதல் நாள் முழுவதும், உள்ளூர் மக்கள் செய்வது 'பங்கேற்பா', 'பங்களிப்பா' என்று விவாதித்தார்கள். இரண்டாம் நாள் அக்காவுக்கு இரண்டு நிமிடம் கொடுத்தார்கள்.

"லாரியை நிறுத்தணும், அவ்வளவுதாங்க" என்றார். ஒன்றே முக்கால் நிமிடம் மிச்சம்.

தலைவர் கண்ணாடியைக் கழற்றினார். "அருமை. ஆனால் 'லாரி' என்ற சொல்லைச் சில நாடுகள் ஏற்காது. 'சக்கரம் சார்ந்த அழுத்தங்கள்' என்று போடலாம். 'நிறுத்தணும்' என்பதை, இன்னும் முடிவாகாத சொல் என்று அடைப்புக்குறிக்குள் வைப்போம்."

"அடைப்புக்குறிக்குள்ள வச்சா லாரி நின்னுடுமாங்க?"

அரங்கம் எழுந்து கைதட்டியது.

அன்று மாலை அக்கா கணவரைப் போனில் அழைத்தார்.

"லாரி ஏதும் வந்துச்சா?"

"வந்துச்சு. நல்ல பசங்க. அண்ணே அண்ணேன்னு உயிரை விடுறாங்க."

"காத்தடிச்சியா?"

"காத்துதானே, அதைப் போய் எப்படி இல்லேன்னு சொல்றது?"

அக்கா பையைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வந்துவிட்டார். ஒருங்கிணைப்பாளர் ஓடிவந்து மறித்தார். "நாளைக்குத் தீர்மானம்க்கா! உள்ளூர் ஆளே இல்லாம உள்ளூர் ஆளைப் பத்தி எப்படித் தீர்மானம் போடுறது?"

அதுவும் சரிதானே என்று அக்கா தங்கிவிட்டார். மூன்றாம் நாள் தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது. 'உள்ளூர்ப் பங்காளர்களை ஊக்குவிக்க ஊக்கமளிப்பது' என்று உலகம் முடிவு செய்தது.

அக்கா ஊர் திரும்பியபோது, கரையில் நின்று பார்த்தால் எப்போதும் தெரியும் தண்ணீரைக் காணவில்லை. செங்கல் மேடு, அதன்மேல் உடைந்த கழிப்பறைக் கோப்பை ஒன்று, அதன் விளிம்பில் எங்கே இறங்குவது என்று புரியாமல் ஒரு கொக்கு. கணவர் தலையைக் குனிந்துகொண்டு நின்றார். அக்கா அவரைத் திட்டவில்லை. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

ஒரு வாரம் கழித்து ஒருங்கிணைப்பாளரின் அழைப்பு வந்தது.

"கேள்விப்பட்டேன்க்கா, மனசே ஆறல. அடுத்த வருஷ மாநாட்டுத் தலைப்பு 'ஏரியை இழந்த மக்கள்'. இந்தத் தடவை உங்களுக்கு முதல் வரிசை!"

அக்கா கேட்டார்:

"ஏரியைத் தொலைச்சவங்களுக்கு முதல் வரிசைன்னா, தொலைக்க வச்சவங்க எங்க தம்பி உக்காருவாங்க?"

"நாங்களா?" என்றார் ஒருங்கிணைப்பாளர், மிகுந்த தன்னடக்கத்தோடு. "நாங்க எப்பவும்போல மேடையிலதான்க்கா."