சார்ஜன்ட் அல்பிரட்டும் மூன்றாம் கேள்வியும்

மூன்றாம் கேள்வியில் பேனை நின்றுவிட்டது.

திருகோணமலைத் துறைமுகத்தை ஒட்டிய பொலிஸ் நிலையத்தில் சார்ஜன்ட் அல்பிரட் அந்தப் படிவத்தை மறுபடி வாசித்தார். ஏதோ ஒரு பல்கலைக்கழகம் பதினான்கு நாட்டுப் பொலிஸாரிடமும் இதையே கேட்கிறதாம்.

"கடைக்காரர் காசு வாங்காமல் கொடுக்கும் தேநீரை ஓர் உத்தியோகத்தர் குடிக்கிறார். இது எவ்வளவு பாரதூரமான தவறு?"

ஒன்று போட்டால் தவறே இல்லை. ஐந்து போட்டால் படுமோசம்.

"நோர்வேப் பொலிஸ்காரன் இதுக்கு என்ன போட்டிருப்பான்?" என்று கான்ஸ்டபிள் அர்ஷாக்கிடம் கேட்டார்.

"அங்க தேத்தண்ணிக் கடை இருக்குமோ தெரியாது, சேர்."

நாட்டின் மானத்தை நினைத்து அல்பிரட் ஐந்தைச் சுற்றி வட்டம் போட்டார். அடுத்த கேள்வி: "இதை மேலதிகாரிக்கு அறிவிப்பீர்களா?" அதே வேகத்தில் 'ஓம்' என்று எழுதிய பிறகுதான் பொறி தட்டியது. ஆறு வருஷமாக அப்துல் மஜீத் கடையில் காசு கொடுக்காமல் குடிப்பவர் அவரேதான். தன்னைப் பற்றித் தானே முறைப்பாடு எழுதுவதா?

தொப்பியை மாட்டிக்கொண்டு கடைக்குப் போனார். ஒரு பிளேன்ரீ குடித்தார். நூறு ரூபாய்த் தாளை மேசையில் வைத்தார்.

மஜீதின் முகம் வெளிறியது. "யாரு சேர் சொன்ன?"

"ஒருத்தரும் சொல்லேல்லை, நானா. தேத்தண்ணிக் காசு. பிடியுங்கோ."

"வேணாம் சேர், எடுங்க, எடுங்க!"

பொலிஸ்காரர் காசு கொடுப்பதை எதிர்க்கடைக்காரர் பார்த்துவிட்டார். நடைபாதையில் அடுக்கியிருந்த டயர்களை அவசரமாக உள்ளே உருட்டினார். அதைக் கண்ட மீன் வண்டிக்காரர் வண்டியைத் திருப்பினார்.

"பயப்பிடாதேங்கோ! சோதனை ஒண்டும் இல்லை!" என்று அல்பிரட் தெருவில் இறங்கிக் கத்தினார்.

'சோதனை' மட்டும்தான் எல்லோர் காதிலும் விழுந்தது. மிச்சக் கடைகளின் கதவுகளும் சடசடவென்று இறங்கின.

வெறிச்சோடிய தெருவைப் பார்த்தார். பதினான்கு நாட்டிலும் ஒரு நூறு ரூபாய் இந்த வேலை பார்க்குமா? வேர்த்து விறுவிறுத்துக் கடைக்குள் திரும்பியவருக்கு உண்மையாகவே மனம் உருகிவிட்டது.

"நானா, இவ்வளவு வருஷமும் சும்மா குடிச்சது என்ர பிழை. ஆறு வருஷத்துக் காசையும் தந்திடுறன்."

மஜீத் குசினிப் பக்கம் பார்த்தார். அங்கிருந்து அவர் மனைவி ரிஸ்னா கையைத் துடைத்தபடி வந்தாள்.

"ரெண்டு தரம் வாங்க ஏலாது, சேர். உங்கட மிஸிஸ் மாசாமாசம் தந்திட்டுத்தான் போறவ. உங்களுக்குச் சொல்ல வேணாமாம். தெரிஞ்சா, சும்மா குடுக்கிற கடையைத் தேடிப் போயிடுவீங்களாம்."