மிஸ்ஸுக்கு வயசு பத்தலை

குள்ளமானவர்கள் ஆயுள் முழுக்கத் தங்கள் வயதை நிரூபித்துக்கொண்டே இருக்க வேண்டும். பெரம்பலூரில் ஒரு பள்ளியில் கம்ப்யூட்டர் டீச்சராகச் சேர்ந்தபோது எனக்கு வயது இருபத்துநான்கு. முதல் நாளே வாட்ச்மேன், "யூனிபார்ம் எங்க பாப்பா?" என்று மறித்தார். அன்றிலிருந்து காட்டன் புடவை, பவர் இல்லாத கண்ணாடி, கொண்டை. (பாதி சவுரி.)

அந்த மாதமே பத்தாம் வகுப்பில், இணையத்தில் வயதைச் சரிபார்ப்பது பற்றி விவாதம் வைத்தேன். என்னை வேலையில் நிரந்தரமாக்கலாமா என்று பார்க்கத் தலைமையாசிரியை கடைசி பெஞ்சில் வந்து உட்கார்ந்துவிட்டார்.

"பொறந்த வருசத்த மாத்திப் போட்டா உள்ள விட்டுரும் மிஸ்," என்றான் தினேஷ்.

"எங்கண்ணன் ஆதார காட்டுனா முடிஞ்சுது," என்றான் பக்கத்திலிருந்தவன்.

கவியா எழுந்தாள். "சின்னப் புள்ளைங்கள காப்பாத்துறது சரிதான் மிஸ். ஆனா எங்க மூஞ்சியப் படம் புடிச்சு எங்க வெச்சிக்குவாங்க?"

எனக்குத் தெரியவில்லை. தெரியாது என்று சொல்லத் தலைமையாசிரியை எதிரில் வாய் வரவில்லை. "அதெல்லாம் பயப்படாதீங்க. முகத்தப் பாத்தே வயசச் சரியா சொல்லிரும், பாருங்க" என்று போனை ஸ்மார்ட் போர்டில் இணைத்து, நான் தினமும் பார்க்கும் வீடியோ செயலியின் வயதுச் சோதனைக்கு முகத்தைக் காட்டினேன்.

போர்டு முழுக்க நான். இடது பக்கம் திரும்பச் சொன்னது, திரும்பினேன். கண் சிமிட்டச் சொன்னது, சிமிட்டினேன். பிறகு கொட்டை எழுத்தில் வந்தது: 'உங்களுக்குப் பதினாறு வயது ஆகவில்லை எனத் தெரிகிறது. கணக்கு நிறுத்தப்பட்டது. பெற்றோரின் அனுமதி தேவை.'

"மிஸ், நாளைக்கி அப்பாவ கூட்டிட்டு வாங்க மிஸ்!"

வகுப்பே உருண்டு புரண்டது. வேலை போய், கடைசி முறையாக எங்கள் ஊர் வேப்பந்தட்டைக்குப் பஸ் ஏறும் காட்சி என் கண்ணில் ஓடியது. கடைசி பெஞ்சைப் பார்த்தேன். தலைமையாசிரியை முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக்கொண்டிருந்தார்.

"நான் வந்து உக்காந்தா இதுங்க வாயே தெறக்காது. இன்னிக்குத்தான் பேசிக் கேக்குறேன்," என்றார். "நீங்க நடத்துங்கம்மா. அந்தப் புள்ள கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லிருங்க."

"தெரியலங்க மேடம். தேடிப் பாத்து நாளைக்குச் சொல்றேன்."

சொன்னதும் வயிற்றில் பால் வார்த்தது போலிருந்தது.

சாயங்காலம் வீட்டில் அப்பாதான் முகம் காட்டி என் கணக்கை மீட்டார். போனைப் பார்த்து, "எம் பொண்ணுதாங்க" என்று பவ்யமாக வேறு சொன்னார். (செயலி அதைக் கேட்கவேயில்லை.)

பெண் பார்க்க வந்த அரியலூர்க்காரர்களிடமும் அவர் இதைச் சொல்லாமல் விடவில்லை. இப்போது யாராவது வந்து நான் கதவைத் திறந்தால், என் கணவர் உள்ளேயிருந்தே குரல் கொடுக்கிறார்:

"வூட்ல பெரியவங்க யாரும் இல்லைங்க, அப்பறம் வாங்க!"