தலைகீழாகப் படித்த மணிலா பாஷை

செந்துறையில் செங்கல் சூளை போட்டவன் நான். தா.பழூரில் நெல் மில் நிறுத்தியவன் நான். (நடுவில் எரிந்துபோனது. மறுபடி நிறுத்தினேன்.) மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவனுக்கு இதெல்லாம் எப்படி முடிந்தது? எவனையும் நம்பமாட்டேன், அதனால்தான். அந்தக் குணம் ஒரே ஒரு தடவை என்னைக் கவிழ்த்தது.

நாற்பதுகளில், உலகச் சண்டை ஓய்ந்த சமயம். மழை பொய்த்து வயிறு காய்ந்துகொண்டிருந்தது. மணிலாவில் ஜவுளிக்கடை வைத்திருந்த முதலாளி ஒருவர் ஒரே ஒரு ஆள் எடுக்க அரியலூர் வந்திருந்தார். அந்த ஊர் தகாலோக் பாஷையில் நாலு வார்த்தை தெரிந்தால் வேலை. எங்களுக்கு மணிலா என்றால் கடலைக்கொட்டைதான். அங்கே இருந்து திரும்பிய தங்கராசு மச்சான் சொல்லிக்கொடுத்தார்: 'உமுப்போ' உட்கார், 'காயின்' சாப்பிடு, 'அலிஸ்' போ.

காபியும் கொடுத்தார். அங்கேதான் உறுத்தியது. அவர் மனைவியின் தம்பி கலியனும் அதே வேலைக்கு நிற்கிறான். எனக்கு எதற்குக் காபி?

"கலியனுக்கும் இதயேதான் சொன்னீங்களா மச்சான்?"

"பாஷ என்ன மாப்ள, ஆளுக்கொண்ணா இருக்கும்?" என்று சிரித்தார்.

அந்தச் சிரிப்பிலேயே பிடித்துவிட்டேன். எல்லாவற்றையும் தலைகீழாகச் சொல்லியிருக்கிறார்! ஒவ்வொன்றையும் திருப்பிப் போட்டு மனப்பாடம் செய்தேன்.

முதலாளி எங்கள் இருவரையும் பார்த்து, "உமுப்போ" என்றார். கலியன் உட்கார்ந்தான். (அவனும் கூட்டு!) நான் விறைப்பாக நின்றேன். வடைத் தட்டை நீட்டி, "காயின்" என்றார். பசி காதை அடைத்தது. தட்டைத் தள்ளிவிட்டேன். கலியன் என் வடையையும் சேர்த்துத் தின்றான்.

முதலாளி முகம் சிவந்து வாசலைக் காட்டினார். "அலிஸ்!"

'வா' என்கிறார்! ஓடிப்போய் அவர் பெஞ்சிலேயே, தோள் உரச உட்கார்ந்தேன்.

"யோவ், யாருய்யா இவன்? வெளிய இழுத்துட்டுப் போங்கய்யா!" இது சுத்தத் தமிழ். திருப்பிப் போட வழியில்லை.

இன்றைக்கும் என் மருமகள் சாப்பிடக் கூப்பிடுவது, "காயின் மாமா! நெசமாத்தான் சொல்றேன், சாப்புடுங்க!"

கலியன் மணிலா போய்ச் சம்பாதித்து விக்கிரமங்கலத்தில் மாடி வீடு கட்டினான். முகப்பில் 'தங்கராசு மச்சான் உதவி' என்று பொறித்திருக்கிறான். மச்சான் சொல்லிக்கொடுத்தது எனக்கும்தானே? அன்று நான் அந்தப் பெஞ்சில் உட்காராவிட்டால் அவனுக்கு ஏது மணிலா, ஏது மாடி? இடம் பாக்கி இருக்கிறது, நானே போய் அளந்து பார்த்தேன். என் பேரையும் பொறிக்கச் சொல்லுங்கள்.