நேசக்குமாரின் நீராவி இன்ஜின் திறப்பு விழா

மனித குலம் நெருப்பையும் சக்கரத்தையும் ஏதோ அவசரத்தில், தலைமையுரைகூட இல்லாமல் கண்டுபிடித்துத் தொலைத்தது. அந்தக் குறையை வரலாற்றிலேயே முதன்முதலாக நீக்கிய பெருமை மில்லர்புரம் நேசக்குமாரையே சாரும்.

பெயர் வேண்டாம், ஓர் அலுவலகத்தில் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வுபெற்றவர் அவர். ஓய்வுபெற்ற கையோடு, கார் ஷெட்டிலிருந்த வாஷிங் மெஷினைக் கரண்ட் வசதியில்லாத கொல்லைக்குத் துரத்திவிட்டு அங்கே ஒரு லேத்தை அமர்த்தினார். துறைமுகத்துப் பக்கம் பழைய சாமான் கடைகளில் பித்தளை பொறுக்கி வந்து, கடைந்து, ராவி, டம்ளர் அளவுக் கொதிகலனும் கட்டைவிரல் அளவுச் சிலிண்டருமாக ஒரு நீராவி இன்ஜின் செய்தார். மனைவி ஜெயஷீலா வாளியில் துணி அலசி இந்தத் தொழிற்புரட்சிக்கு ஒத்துழைத்தாள்.

கடைசியில் அவளுக்கும் பொறுமை போய்விட்டது. "இன்னைக்கு இது ஓடிச்சின்னா ஷெட்டு ஒங்களுக்கு. இல்லன்னா சாயங்காலமே என் மெஷினு உள்ள வந்துரும்."

நேசக்குமார் கணக்குப் போட்டுப் பார்த்தார். ஷெட் போனால் மிச்ச ஆயுளுக்கும் ஹாலில் உட்கார்ந்து சீரியல் பார்க்க வேண்டும்.

வேறொருவர் என்றால் முதலில் ஓட்டிப் பார்த்திருப்பார். நேசக்குமார் முறை தெரிந்தவர். நகர் நலச் சங்கத் தலைவர் காசிலிங்கம் அண்ணாச்சியை அழைத்தார். விழா என்றால் விளக்கேற்றுவது முதலில், ரிப்பன் வெட்டுவது கடைசியில். ஷெட்டில் குத்துவிளக்கு இல்லை. எனவே கொதிகலனுக்கு அடியிலிருந்த ஸ்பிரிட் விளக்கையே அண்ணாச்சி ஏற்றிவைத்தார். பலத்த கைதட்டல்.

"நீராவியின் வரலாறு நீண்டது" என்று தொடங்கிய அண்ணாச்சி, அதைச் சுருக்கி அவமதிக்கவில்லை. இதற்கிடையில் தண்ணீர் கொதித்துவிட்டது. சக்கரம் லேசாக நடுங்கி, டுக் டுக் என்று சுற்றத் தொடங்கியது. நேசக்குமாருக்குச் சந்தோஷத்தில் கண்ணே கலங்கிவிட்டது. மறுகணம் பகீரென்றது. ரிப்பன் வெட்டவில்லையே! பாய்ந்துபோய்ச் சக்கரத்தை விரலால் அமுக்கினார்.

"ஓடுதுல்லா, ஏன் பிடிக்கிய?" என்றாள் ஜெயஷீலா.

"ஏளா, சத்தம் போடாத. தொறக்கதுக்கு முந்தி ஓடலாமா?"

"அப்பம் வெளக்கையாவது அணைங்க. தண்ணி வத்துதுல்லா!"

"தலைவர் ஏத்துன வெளக்கு! ஊதி அணைச்சா அவரு என்ன நெனப்பாரு?"

சேஃப்டி வால்வு ஆவியைக் கக்கிச் சீறியது. அதைச் சபையின் ஆமோதிப்பாக எடுத்துக்கொண்ட அண்ணாச்சி இரண்டாவது சோடாவைக் கேட்டார். பொன்னாடை வந்தபோதும் நேசக்குமார் விரலை எடுக்காமல் ஒருபக்கமாகக் குனிந்து வாங்கிக்கொண்டார். தண்ணீர் சுண்டியது. பற்றவைத்திருந்த ஈயம் உருகிக் கொதிகலன் பெஞ்சில் சாய்ந்தது. உடனே ரிப்பன் வெட்டப்பட்டது. நேசக்குமார் மரியாதையோடு விரலை எடுத்தார். சக்கரம் அசையவில்லை.

"பிரமாதமான இன்ஜினு. கொஞ்சங்கூடச் சத்தமே இல்ல!" என்று அண்ணாச்சி பாராட்டி, கேக்கைத் தின்றுவிட்டுப் போனார்.

ஜெயஷீலா கொல்லையிலிருந்து வாஷிங் மெஷினைத் தள்ளிக்கொண்டு வந்தாள்.

"ஏளா, அது ஓடுனத நீயும் பாத்தல்லா?" என்று நேசக்குமார் கெஞ்சினார்.

"பாத்தேன். ஓடுனத அமுக்கி நிறுத்திட்டு, நின்னதுக்கு ரிப்பன் வெட்டுனதையும் பாத்தேன். இத்தன வருசமா ஆபீசுல என்ன வேல பாத்தியன்னு இன்னைக்குத்தான் எனக்கு வெளங்குது."