நாற்பத்தொரு தடவை குதித்த மாமா எழுதுவது

கிம்பர்லி, ஐடஹோ
அக்டோபர் 9, வியாழன்

அன்பும் துணிச்சலும் ஒன்றுக்கொன்று குறையாத மருமகள் ஜேலினுக்கு, உன் தாய்மாமன் டெல்வின் ஆசீர்வதித்து எழுதிக்கொண்டது.

இங்கே நான், உன் லூவான் அத்தை, இரண்டு நாய்கள், மூன்று டிராக்டரில் ஓடுகிற இரண்டு, எல்லோரும் சௌக்கியம். போய்ஸியில் நீயும் உன் பூனையும் அப்படியே இருப்பீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன். உருளைக்கிழங்கு அறுவடை முடிந்தது. இந்த வருஷம் ஒரு கிழங்கு வந்தது பார், தூக்க இரண்டு ஆள் தேவைப்பட்டது. சரி, ஒரு ஆள்தான், ஆனால் இரண்டு கை. எழுத்துப் பிழை இருந்தால் பொறுத்துக்கொள். எட்டாம் வகுப்பில் கிழங்கு அறுவடைக்காகப் பள்ளிக்கூடம் பத்து நாள் லீவு விட்டது, அந்த லீவில் வந்தவன் இன்னும் திரும்பிப் போகவில்லை.

உன் கடிதம் கிடைத்தது. விமானத்திலிருந்து இருநூற்றுப் பன்னிரண்டு தடவை குதித்தாயிற்று, இனிமேல் ட்வின் ஃபால்ஸ் பாலத்திலிருந்து குதிக்க வேண்டும், டாரெல் ஃபிஷ்பர்ன் நடத்தும் ஆரம்பப் பயிற்சியில் பெயர் கொடுத்துவிட்டேன், சனிக்கிழமை முதல் குதி, எப்படி ஆரம்பிப்பது என்று மாமாதான் சொல்லித்தர வேண்டும் என்று எழுதியிருந்தாய். அதை உன் அத்தைக்கு உரக்க வாசித்துக் காட்டினேன். அடுத்த பக்கத்தை மனசுக்குள் வாசித்தேன். உன் அம்மா சொன்னதாக நீ எழுதிய பக்கம் அது: "டெல்வின் நாப்பத்தொரு தடவை குதிச்சவன்தானே? சனிக்கிழமை என் கண்ணு முன்னாடி அவன் முதல்ல குதிக்கட்டும். நம்ம குடும்பத்துல ஒரு பெரிய ஆள் கீழே போயி முழுசா எழுந்து நிக்கறதை நான் பார்க்கணும். அப்புறம் நீ குதி. இல்லேன்னா நடுப் பாலத்துல படுத்துக்குவேன்." வெர்லா சொன்னால் செய்வாள். பத்து வயதில் எங்கள் பன்றியை விற்கக் கூடாது என்று லாரிக்கு முன்னால் படுத்தவள் உன் அம்மா. அந்தப் பன்றி எங்கள் வீட்டிலேயே கிழடு தட்டித்தான் செத்தது.

ஆகவே முதல் பாடத்துக்கு வருவோம். இந்த வித்தைக்கு நான்கு இடம் உண்டு: கட்டடம், கோபுரம், பாலம், செங்குத்துப் பாறை. நமக்குப் பாலம் ஒன்று போதும். அடியில் ஆறு, இறங்கப் புல்வெளி, அனுமதிச் சீட்டு கேட்பாரில்லை, வேடிக்கை பார்க்க வருஷம் முழுக்கக் கூட்டம். உயரம் நானூற்று எண்பத்தாறு அடி. நான் சொல்லும்போது ஆயிரம் என்பேன், நின்று பார்த்தால் அப்படித்தான் தெரியும். இரண்டாவது, மடிப்பு. பாராசூட்டை ஒழுங்காக மடிக்கத் தெரியாதவன் பாலத்துப் பக்கமே வரக் கூடாது. விமானத்திலிருந்து குதித்தால் முதுகில் இரண்டாவது பாராசூட் ஒன்று இருக்கும், இதில் ஒன்றே ஒன்றுதான். மடிப்புக்கு உன் அத்தையைப் பார்த்துக் கற்றுக்கொள். சமீப காலமாகப் போர்வை மடிக்கிறாள் பாரு, மேலே படுத்து, முழங்காலால் அழுத்தி, உள்ளே பொட்டுக் காற்று இல்லாமல்! நாலு மூலையிலும் ரப்பர் வைத்த படுக்கை விரிப்பைக்கூடப் புத்தகம் மாதிரி ஆக்கிவிடுகிறாள். மூன்று வருஷமாக வியாழன்தோறும் பக்கத்து ஊர் ஜெரோமில் மெத்தைவிரிப்புத் தையல் கூட்டத்துக்குப் போகிறாள், அங்கே கற்றதாக இருக்கும். தைத்த விரிப்பு ஒன்றுகூட வீட்டுக்கு வந்ததில்லை, எல்லாம் ஏழைகளுக்காம். நல்ல மனசு.

மூன்றாவது, என் முதல் குதியைக் கேள். சபை விருந்துகளில் நீ கேட்டதுதான், ஆனால் அங்கே பாதிரியார் இருப்பதால் சுருக்கிச் சொல்வேன். மே மாதம், காலை பத்து மணி. காற்று எப்படி என்றால், எதிர்க்கரையிலிருந்து ஒருவன் தொப்பி புறப்பட்டு வந்து என் தலையில் சரியாக உட்கார்ந்தது. கைப்பிடிக் கம்பியைத் தாண்டி நின்று, கையிலிருந்த சாண்ட்விச்சை முடித்து, வாயைத் துடைத்து, குதித்தேன். பாதி வழியில் ஒரு கழுகு என்னைப் பார்த்துவிட்டு ஒதுங்கி வழி விட்டது. அப்படியே ஆற்றைச் சுற்றிப் பார்த்துக்கொண்டு புல்வெளியில் கால் வைத்தபோது மணி பத்தேகால். இந்த இடத்தை எழுதும்போது உன் அத்தை தோள் வழியாக எட்டிப் பார்த்து, "பத்தேகாலா? முழுசா ஒரு நிமிஷம்கூட ஆகாதுங்க அது" என்றாள். "உனக்கு எப்படித் தெரியும்?" என்றேன். "டிவியில பார்த்தேன்" என்றாள். எங்கள் டிவி பிப்ரவரியிலிருந்து ஓடவில்லை. அதோடு விட்டாளா? "நெஞ்சை நிமித்திக்கிட்டு எதிர்ல தூரமாப் பார்க்கச் சொல்லுங்க, குனிஞ்சு ஆத்தைப் பார்த்தா தலைகீழாப் போயிடுவான்னு எழுதுங்க" என்றாள். அவள் திருப்திக்காக எழுதிவிட்டேன். ஏப்ரலில் பல் டாக்டரிடம் போய் வந்ததிலிருந்தே இவள் ஒரு தினுசாக இருக்கிறாள். அன்றைக்குக் காலணி முழுக்கச் சேறு. டாக்டர் வாசலில் குழாய் உடைந்திருந்ததாம். மூன்று நாள் வாய் மூடாமல் சிரித்துக்கொண்டிருந்தாள். மயக்க வாயுவை அளவில்லாமல் கொடுக்கிறார்கள், நீ அந்த டாக்டரிடம் போகாதே.

நான்காவதுதான் முக்கியம், இதை இரண்டு தடவை வாசி. முதல் குதிக்குப் பின்னால் ஒரு ஆள் வேண்டும். உன் முதுகுப் பையிலிருந்து நீளமாக ஒரு பட்டை வரும், அதன் நுனியில் குட்டிப் பாராசூட். அதை அந்த ஆள் கையில் பிடித்துக்கொண்டு கம்பிக்கு இந்தப் பக்கம் நிற்பான். நீ போனதும் பட்டை விறைக்கும், பை திறக்கும், பெரிய பாராசூட் நீள நீட்டி வெளியே வரும். அந்த இழுப்பு முழங்கையில் தெரியும். தெரிந்த அதே நொடியில் விட வேண்டும். முந்தினாலும் தப்பு, பிந்தினாலும் தப்பு. கையுறை கூடாது, மோதிரம் கூடாது, அப்போது யாரும் பேச்சுக் கொடுக்கக் கூடாது. கீழேயிருந்து துணி விரியும் சத்தம் ஒன்று வரும், கல்யாணத்துக்கு மேஜைவிரிப்பை உதறினது மாதிரி. அதைக் கேட்கும்வரை பிடித்தவனுக்கு மூச்சு வராது.

ஐந்தாவது, திரும்பி வரத் தெரிய வேண்டும். காற்று சரியில்லை, மனசு சரியில்லை என்றால் கம்பியைத் தாண்டி இந்தப் பக்கம் வந்து காப்பி குடிக்கப் போய்விட வேண்டும். வெட்கமே கிடையாது. இதில் இந்தப் பிராந்தியத்தில் என்னை மிஞ்ச ஆளில்லை. செவ்வாய்க்கிழமைகூட, கையைப் பழக்கிக்கொள்ளலாம் என்று பாலத்துக்குப் போனேன். பிக்கப் வண்டி பாதியில் நின்றது, தள்ளிக்கொண்டே போனேன். போனால் நெப்ராஸ்காவிலிருந்து ஒரு பஸ் நிறையக் கிழவிகள், என்னைப் பார்த்ததும் கைதட்டல். காலைத் தூக்கிக் கம்பிமேல் போட்டேன், கால்சட்டையின் தோள்வார் கம்பியில் மாட்டிக்கொண்டது, இந்தப் பக்கமும் இல்லை அந்தப் பக்கமும் இல்லை. ஒரு கிழவி, "ஏம்பா, குதிக்கப் போறியா, இல்ல காயப் போட்டிருக்காங்களா?" என்றாள். டாரெல் வந்து வாரை அவிழ்த்து விட்டான். "காத்து ஜாஸ்தி" என்றேன். "இலை அசையலையே டெல்வின்" என்றான். "உனக்கு அசையலை" என்றேன். வழியில் வறுத்த கிழங்கு வாங்கி, அதற்குத் தொட்டுக்கொள்ளும் தக்காளிச் சாஸை முழுக்க மடியில் கொட்டிக்கொண்டு வீடு வந்தேன். உன் அத்தை ரத்தம் என்று நினைத்துவிட்டாள். நிஜத்தைச் சொன்ன பிறகும் கொஞ்ச நேரம் என் கையை விடவில்லை.

ஆக, சனிக்கிழமை விஷயம் இப்படி: என் வலது முழங்கால் வீங்கியிருக்கிறது, இடதும் அதைப் பார்த்து ஆரம்பித்திருக்கிறது. உன் அம்மாவிடம் பக்குவமாகச் சொல். வேண்டுமானால் நான் குதித்த இடத்தைக் கையால் காட்டுகிறேன்.

நீ போகிற இடமெல்லாம் புல் மெத்தென்று இருக்கட்டும், பின்னாலிருந்து தள்ளாத காற்று வீசட்டும், மடித்தது எல்லாம் விரியட்டும். வெர்லாவுக்கு என் அன்பு. பூனைக்கு விசாரிப்பு.

இப்படிக்கு
டெல்வின் மாமா

பின்குறிப்பு: முழங்காலுக்கு ஒன்றும் இல்லை. நான் ஒரு தடவைகூடக் குதித்ததில்லை. செவ்வாய்க்கிழமை உனக்காக நிஜமாகவே குதித்துவிடலாம் என்று போய் டாரெலிடம் ஒரு பாராசூட் கேட்டேன். "விமானத்துலேருந்து ஒரு தடவையாவது குதிச்சிருக்கியா? இல்லையா? அப்ப வீட்டுக்குப் போ, உன்னைக் கொல்ற வேலையெல்லாம் நான் செய்யறதில்லை" என்றான். வாரில் தொங்கியது அதற்குப் பிறகு, கைதட்டினவர்களுக்காக, முதுகில் ஒன்றும் இல்லாமல். நாற்பத்தொன்று என்பது சத்தியம், ஆனால் அது நான் பட்டை பிடித்துக்கொடுத்த ஆட்கள். வண்டியின் வெயில் மறைப்பில் பென்சிலால் கோடு போட்டு வைத்திருக்கிறேன். நாற்பத்தொரு பேரும் கீழே நின்று எனக்குக் கை காட்டினார்கள். உன் அம்மா உன்னைத் தடுத்தால் அந்தப் பாவம் என் வாய்க்குத்தான். என்னைத் திட்டிக்கொள், குதிப்பதை விட்டுவிடாதே.

ஜேலின் கண்ணு, இது உன் அத்தை. உறையை என் கையில் தந்து ஒட்டச் சொன்னார், ஒட்டுவதற்கு முன் வாசித்துவிட்டேன். எனக்கு ஊசியில் நூல் கோக்கவே வராது. ஜெரோமில் தையல் கூட்டம் கிடையாது, விமான ஓடுதளம்தான் இருக்கிறது. மூன்று வருஷத்தில் இருநூற்று ஆறு குதி. ஏப்ரலில் போனதும் பல் டாக்டரிடம் இல்லை. உன் அம்மா கேட்டது குடும்பத்தில் ஒரு பெரிய ஆள்தானே? எனக்கு அறுபத்திரண்டு முடிந்துவிட்டது, நான் முதலில் குதிக்கிறேன், எழுந்து நின்று அவளுக்குக் கையும் காட்டுகிறேன். உன் பட்டையை மாமாவிடமே கொடு. அதைவிட நல்ல கை இந்த ஆற்றங்கரையில் கிடையாது என்று டாரெலே சொல்கிறான். என்னுடையதை ஏப்ரலில் டாரெல்தான் பிடித்தான், சனிக்கிழமையும் அவன்தான். தன்னை ஏன் கேட்கவில்லை என்று மாமா வருத்தப்படுவார், நீயே பக்குவமாகச் சொல்லிவிடு: என் பட்டையைக் கொடுத்தால் அவர் விடமாட்டார்.