இன்னொண்டு அண்ணையும் இடமில்லாத கணினியும்

உலகத்தில் எந்தப் பொருளும் ஒன்றே ஒன்றாக இருப்பதைப் பொறுக்கமாட்டாத ஒரே மனிதர் எங்கள் இன்னொண்டு அண்ணைதான். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

அக்கராயன் பக்கத்து விவசாயிகளின் கமக்கார அமைப்பொன்றின் அலுவலகத்தில் நான் கணினி வேலை பார்த்த காலத்தில், அவர் அங்கே எழுதுவினைஞர். அவருடைய சொந்தப் பெயர் அடையாள அட்டைக்கு மட்டுமே தெரியும். எந்தக் கடிதத்தை அச்சடித்துக் கொடுத்தாலும், "தம்பி, இன்னொண்டு எடும், கிடக்கட்டும்" என்பார். சட்டைப் பையில் இரண்டு பேனை, காதில் மூன்றாவது. சைக்கிள் பூட்டின் திறப்பு வீட்டில் ஒன்று, அலுவலகத்தில் ஒன்று, தேத்தண்ணிக் கடையில் ஒன்று. சைக்கிள் களவு போனபோது மூன்று திறப்பும் பத்திரமாக இருந்தன. மகளின் கலியாணத்துக்கு, முதல் அழைப்பிதழ் தொலைந்துவிட்டால் என்ன செய்வது என்று வீட்டுக்கு வீடு இரண்டாவதும் கொடுத்தார். இரண்டுக்கும் மரியாதை செய்யவேண்டும் என்று நான் இரண்டு தரம் பந்தியில் குந்தினேன்.

இதற்கெல்லாம் காரணம் இல்லாமல் இல்லை. சண்டையில் இடம்பெயர்ந்து ஓடிய நேரத்தில் அவருடைய பத்திரங்கள் இருந்த பை தொலைந்துபோனது. பிறகு ஒவ்வொரு அரசாங்கக் கந்தோராக ஏறி இறங்கினார். "உயிரோட முன்னால நிக்கிறன், பிறந்ததுக்கு அத்தாட்சி கேக்கிறாங்கள்!" என்று சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். நாங்களும் சிரிப்போம். முதல்தரம் விளங்கியிராது என்று இன்னொரு தரமும் சொல்வார்.

அன்றைக்கு வெள்ளிக்கிழமை. பின்னேரம் இரண்டு மணிக்கு, கோடையில் விதைக்கும் சிறுபோகத்துக்கான கூட்டம். இரணைமடுக் குளத்துத் தண்ணீர் சிறுபோகத்தில் எல்லா வயலுக்கும் போதாது. யாருக்கு எத்தனை ஏக்கர் விதைக்கலாம் என்று கூட்டத்தில்தான் பெயர் வாசிப்பார்கள். பத்து மணிக்குப் பூரணமக்கா வந்து கதிரையில் இருந்தா. தனியாக அரை ஏக்கர் செய்கிறவா. அரசாங்கம் கொடுத்த காணிப் பெர்மிற்றின் பிரதியைக் கூட்டத்தில் காட்டாவிட்டால் அவாவின் பெயர் வெட்டுப்படும். அசல் இருந்த பெட்டியைக் கறையான் முடித்துவிட்டிருந்தது.

"போன வருசம் உங்களிட்டத் தந்தனான் தம்பி. கொம்பியூட்டருக்குள்ள ஏத்தினனீங்கள்."

"ஓம் அக்கா, கிடக்கு. ரெண்டு நிமிசம்" என்று பெரிய மனிதன்போல் சொல்லிவிட்டு அச்சடிக்கக் கொடுத்தேன். டிஸ்க்கில் இடமில்லை என்று திரையில் ஒரு பெட்டி வந்து நின்றது. அச்சடிக்கவும் கணினிக்குக் கொஞ்சம் இடம் வேண்டுமாம். பென் டிரைவில் ஏற்றிக்கொண்டு கடைக்கு ஓடலாம் என்றால், அலுவலகத்துப் பென் டிரைவ் இன்னொண்டு அண்ணையின் பொறுப்பில் இருந்தது. அது எப்போதோ நிரம்பிவிட்டது.

எங்கள் செயலாளர் ஓய்வுபெற்ற ரீச்சர். கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டு என் முதுகுக்குப் பின்னால் வந்து நின்றா.

"என்ன கோதாரியைப் போட்டு நிரப்பி வைச்சிருக்கிறீர்? எல்லாம் உம்மட கிரிக்கெட்டாத்தான் இருக்கும்."

மானம் போகக்கூடாது என்று தேடத் தொடங்கினேன். முதலில் அகப்பட்டது ரீச்சரின் பேத்தி பெரியபிள்ளையானதற்குச் செய்த சாமத்தியவீட்டு வீடியோ, நான்கு மணித்தியாலம். ரீச்சரின் குரல் உடனே இறங்கியது. "அது... வீட்டிலயும் ஒண்டு கிடக்கு. அழிச்சுவிடும்."

அழித்தேன். இடம் வந்தது. அச்சடிக்கப் போனேன், இடம் இல்லை. அதே நேரம் பக்கத்து அறையிலிருந்து இன்னொண்டு அண்ணையின் குரல் கேட்டது.

"ஆ, இப்ப போகுது!"

யாரோடோ கதைக்கிறார் என்று நினைத்து, என் கிரிக்கெட்டை அழித்தேன். நெஞ்சு வலித்தது. இடம் வந்தது, கண் முன்னாலேயே கரைந்தது.

"நல்லாப் போகுது!" என்றார் அண்ணை.

எனக்கு விசர் பிடித்துவிட்டது. 'பழசு' என்று பெயர் போட்டு ஒரு போல்டர் கொழுத்துப்போய்க் கிடந்தது. திறந்துகூடப் பார்க்கவில்லை. குப்பைக் கூடைக்கும் அனுப்பாமல் ஒரேயடியாக அழித்தேன். அழித்த பிறகுதான் பூரணமக்காவின் பெர்மிற் எதற்குள் இருந்தது என்று நினைவு வந்தது.

"முடிஞ்சுதே தம்பி?" என்றா அக்கா. மடியில் ஒரு வெறும் பொலித்தீன் பை. பெர்மிற்றை மடிக்காமல் கொண்டுபோகக் கொண்டுவந்தது. அண்ணையிடம் கேட்கலாம் என்று எழுந்து பக்கத்து அறைக்குப் போனேன்.

இன்னொண்டு அண்ணை தன் கணினியின் முன்னால், மவுசில் விரலை வைத்தபடி தவம் இருந்தார். அவருடைய கணினியும் என்னுடையதும் ஒரே வயரில் இணைந்தவை.

"தம்பி, காலமை தொடக்கம் கொப்பி போட்டுக்கொண்டிருக்கிறன். உம்மட கொம்பியூட்டரில இடமில்லை எண்டு அடிக்கடி நிக்குது. திருப்பி அமத்த அமத்த நல்லாப் போகுது."

அப்போதுதான் விளங்கியது. வெள்ளிக்கு வெள்ளி என் கணினியில் உள்ள அவ்வளவையும் ஒரு புதுப் போல்டருக்குள் பிரதி எடுத்து, அதே டிஸ்க்கில் நான் எட்டிப்பார்க்காத மூலையில் வைத்திருக்கிறார். அந்த அவ்வளவுக்குள் போன வெள்ளியின் பிரதியும் அடக்கம். அதற்குள் அதற்கு முந்திய வெள்ளி. ஒரே கடிதம் ஆயிரம் தரம் கிடந்தது. நான் இடம் எடுக்க எடுக்க, மனிதர் இங்கிருந்து நிரப்பியிருக்கிறார்.

"அண்ணை, உங்களுக்கு மூளை இருக்கே?" என்று கத்தினேன். அழுகைதான் வந்தது. "பழசை அழிச்சுப்போட்டன் அண்ணை. அக்கான்ர பெர்மிற் அதுக்குள்ளதான் கிடந்தது."

அவர் கோபிக்கவில்லை. காதிலிருந்த பேனையை எடுத்து மேசையில் வைத்தார்.

"எந்த வெள்ளிக்கிழமையைத் திறக்க?" என்றார்.

அரைகுறையாய் ஓடிக்கொண்டிருந்த பிரதியை நிறுத்தி அழித்தோம். இடம் வந்தது, இந்தத் தரம் நின்றது. போன வெள்ளியைத் திறந்தோம். பூரணமக்காவின் பெர்மிற் ஒரு கீறல்கூட இல்லாமல் இருந்தது. தாள் வெளியே வந்ததும் அண்ணை என்னைப் பார்த்தார். அவர் வாய் திறக்கும் முன்னரே இன்னொன்று அடித்தேன்.

கூட்டத்தில் மண்டபம் நிறையச் சனம். பத்திரங்களைப் பார்த்துவிட்டு உத்தியோகத்தர் மூச்சுவிடாமல் பெயர்களை வாசித்துக்கொண்டு போனார். "பூரணம், அரை ஏக்கர்" என்பதும் அந்த வேகத்தில் வந்து போனது. அடுத்த பெயர் வருவதற்குள் இன்னொண்டு அண்ணை எழுந்து நின்றுவிட்டார்.

"ஐயா, அந்தப் பேரை இன்னொருக்கா வாசியுங்கோ."

மண்டபம் சிரித்தது. நான் வெட்கத்தில் அவருடைய சட்டையைப் பிடித்து இழுத்தேன். "என்ன அண்ணை இது, இருங்கோ."

"பொறும் தம்பி. அவா அழுதுகொண்டிருக்கிறா. முதல்தரம் கேட்டிருக்காது."

உத்தியோகத்தர் இன்னொரு தரம், ஆறுதலாக, நிறுத்தி வாசித்தார். பூரணமக்கா சேலைத் தலைப்பை முகத்திலிருந்து எடுத்து நிமிர்ந்து கேட்டா. அந்த மனிதர் மேல் எனக்கு எவ்வளவு அன்பு என்பது, அவருடைய சட்டையை விடாமல் பிடித்துக்கொண்டிருந்த அந்த நேரத்தில்தான் எனக்கே தெரிந்தது.