திரும்பிப் போன பன்னிரண்டு மூட்டைச் சருகு

கோபக்காரியின் கையில் துடைப்பத்தைக் கொடுக்கக் கூடாது. கொடுத்தால் என்ன ஆகும் என்பது எனக்குத் தெரியும். கொல்லிமலைக்கும் தெரியும்.

தொண்ணூறுகளின் கடைசி. எனக்கு இருபத்துமூன்று வயது. சேந்தமங்கலத்தில் ஏழு பேர் சேர்ந்து ஓர் இயற்கைச் சங்கம் வைத்திருந்தோம். (அதில் நான்கு பேர் செயலாளர்கள். நான் அதிகம் கத்துகிற செயலாளர்.) அருவிக்கு வருகிற கூட்டத்தைப் பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். எழுபது வளைவு சுற்றி மேலே வருவார்கள். தலைக்குத் தேய்த்த ஷாம்பூ பாக்கெட்டைத் தண்ணீரிலேயே விடுவார்கள். குடித்த பாட்டிலைப் பாறையில் உடைப்பார்கள். உடைக்காவிட்டால் போதை ஏறாதோ என்னவோ! அடுத்தவன் காலும் கால்தானே?

அதனால் ஒரு திட்டம் போட்டோம். பத்துப் பேரை மட்டும் அழைத்துப் போவது. மலைக்காரர்கள் வீட்டில் தங்கி, சாமைச் சோறு சாப்பிட்டு, காட்டைப் பார்த்துவிட்டு, அவரவர் குப்பையை அவரவரே கீழே சுமந்து வருவது. திண்ணனூர் நாட்டில் (மலையில் சில ஊர்கள் சேர்ந்தால் ஒரு நாடு) ஒரு சிற்றூர் ஆறு மாதம் யோசித்துச் சம்மதித்தது. எங்களுக்காக ஊரிடம் பேசியவள் வெள்ளையம்மா. என் வயதுக்காரி, மிளகும் மரவள்ளியும் போடுகிறவள். "ஏதாச்சும் தப்பாச்சுன்னா ஊரு என்னையத்தான் கேக்குமுங்க" என்று முன்பே சொல்லியிருந்தாள்.

முதல் குழு வருவதற்கு இரண்டு நாள் முன்பு வழியைச் சுத்தம் செய்யப் போனோம். வெள்ளையம்மா சந்தைக்குப் போயிருந்தாள். பாதை முடிகிற இடத்தில் கோயில் காடு. செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் நுழைந்தேன். (அந்த அளவுக்கு விவரம் உண்டு.) உள்ளே முழங்கால் உயரத்துக்குச் சருகு, மட்கிய கிளை, அழுகிய பழம். சாமி இருக்கிற இடத்தை இப்படியா போட்டு வைப்பார்கள் என்று ஆத்திரம் வந்தது. கூட்டிப் பெருக்கி, பன்னிரண்டு மூட்டை கட்டி, மரவள்ளி ஏற்றிக்கொண்டு மலையிறங்கிய லாரியில் அனுப்பினோம். எங்கே? கீழே எங்கள் மஞ்சள் காட்டுக்கு, உரமாக! அப்பா பூரித்துப் போனார்.

"சங்கம் சங்கம்னு சுத்துனதுக்கு இன்னைக்குத்தான் கண்ணு ஊட்டுக்கு ஒரு பிரயோசனம்" என்று சொல்லி, சாயங்காலமே பாத்திகளில் பரப்பிவிட்டார்.

மறுநாள் முதல் பஸ்ஸில் வெள்ளையம்மா எங்கள் ஊருக்கே வந்து இறங்கினாள்.

"ஏனுங்க, எங்க சாமி காட்டுல கை வெச்சது நீங்கதானுங்களா?"

"குப்பையாக் கெடந்துச்சுங்க..."

"குப்பைங்களா? காஞ்ச சுள்ளி ஒண்ணு அங்கிருந்து எடுத்து நாங்க அடுப்பெரிச்சதில்லீங்க. விழுந்தது அங்கியேதான் மக்கோணும். பாட்டில் ஒடைக்கறவன்கூட அருவியோட நின்னுக்கிட்டான். நீங்க சாமிகிட்டயே போயிட்டீங்களே!"

மலையில் போட்டுவிட்டுப் போகிறவர்களைத்தான் நான் ஊர் ஊராகத் திட்டிக்கொண்டிருந்தேன். எடுத்துக்கொண்டு போனவள் நான் ஒருத்திதான்.

அன்று முழுக்க மஞ்சள் காட்டில் குனிந்து சருகு பொறுக்கினோம். எது மலைச் சருகு, எது எங்கள் சருகு என்று யாருக்குத் தெரியும்? வெள்ளையம்மாவுக்குத் தெரிந்தது. "இது உங்கூட்டு வேம்புங்க" என்று ஒவ்வொன்றாக வீசினாள். அப்பா வரப்பில் உட்கார்ந்து என்னைத் திட்டினார். பஸ் கண்டக்டரோ, "மலைக்கே சருகு கொண்டுட்டுப் போறீங்களா? ஒடம்புகிடம்பு சரியில்லீங்களா?" என்று கேட்டார். பன்னிரண்டு மூட்டைக்கும் லக்கேஜ் டிக்கெட் வாங்கினேன்.

கோயில் காட்டில் வெறுங்காலோடு சருகைப் பரப்பி முடித்ததும் ஊர் கூடிச் சொன்னது: இனி வெளியாள் ஒருவரும் அந்தப் பாதையில் வரக் கூடாது. முதல் பயணம் நடக்கவே இல்லை. எனக்காகப் பேசிய பாவத்துக்கு வெள்ளையம்மா ஊர் நடுவே தலைகுனிந்து நின்றாள். அதை நினைத்தால் என் மேல் எனக்கு இன்றும் கோபம் வருகிறது.

போன வருடம் போயிருந்தேன். அருவிப் பக்கம் பாட்டில் சில்லு இல்லாமல் கால் வைக்க இடமில்லை, கேட்க நாதியில்லை. வெள்ளையம்மா என்னைக் கோயில் காட்டின் எல்லைக் கல் வரை கூட்டிப் போனாள். அதற்கு மேல் விடவில்லை. உள்ளே அதே முழங்கால் உயரச் சருகு. ஒரு பாக்கெட் கூட இல்லை.

"நீங்க பண்ணுன கூத்துலதானுங்க இது தப்பிச்சுது" என்றாள்.

அந்த மலைக்கு நான் செய்த ஒரே நல்ல காரியம், என்னை உள்ளே விடக் கூடாது என்று அவர்களுக்குப் புரியவைத்ததுதான்.

இன்றும் வீட்டில் நான் துடைப்பத்தைத் தொட்டால் போதும், அப்பா கட்டிலில் இருந்தபடியே குரல் கொடுப்பார்: "கண்ணு, இது வெச்சுக்கற சருகா, திருப்பிக் குடுக்கற சருகா?"